இரும்புப் பண்ணை

மைன்கிராஃப்ட் என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் 2009இல் வெளியே விட்டது. 2014இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி அதை 250 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. 2023இல் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக அறிவித்தார்கள். இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தோழர் ஒருவர், "நம்ம பத்திரிகைக்கு இதுவா விஷயம்? எழுத வேற கொடுமையே இல்லியா?" என்று கேட்டார். இருக்கிறது. அதையும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். இதை எழுத வைத்தது ஒரு சொல். 'பண்ணை' என்கிற சொல். அதற்கு வருவதற்கு முன்னால் விளையாட்டைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விளையாட்டே தெரியாத வாசகர்கள் அலுத்துக்கொள்ளாமல் கூட வரவேண்டும்.

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் காலனியில் மாலை நேரப் பள்ளி ஒன்று நடத்துகிறோம். பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சமுதாயக் கூடத்து வராந்தா, ஒரு கரும்பலகை, இரண்டு ட்யூப்லைட், முப்பது பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் ஒன்று இருக்கிறது. எங்களிடம் படித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போன தம்பி ஒருத்தன் கொடுத்துவிட்டுப் போனது. இந்த விளையாட்டையும் அவனே காசு கட்டிப் போட்டுக் கொடுத்தான். கிழட்டு மாடு மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும். பாடம் முடிந்த பிறகு ஆளுக்கு இருபது நிமிஷம் விளையாடலாம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளேதான் போட்டுக்கொண்டார்கள். விளையாட்டுக்குள் ஒரு பகலும் ஒரு இரவும் சேர்ந்து சரியாக இருபது நிமிஷம். ஆளுக்கு ஒரு நாள். ஒருத்தன் விட்ட இடத்திலிருந்து அடுத்தவன் தொடர வேண்டும். ஒரே உலகம், எல்லாருக்கும் பொது. நானும் வரிசையில் உட்கார்ந்து விளையாடுவேன். எனக்கு மட்டும் சலுகை கிடையாது.

இதில் 'சர்வைவல்' என்று ஒரு வகை. வெறுங்கையோடு ஒரு காட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கையாலேயே மரத்தைக் குத்தி ஒடித்து, பலகை செய்து, மரப் பிக்காசு செய்து, அதனால் கல்லை உடைத்து, கல் பிக்காசால் இரும்பு எடுத்து, இரும்புப் பிக்காசால் வைரம் எடுத்து, இப்படியே படி ஏற வேண்டும். படி தாண்ட முடியாது. கல் பிக்காசால் வைரப் பாறையை உடைத்தால் பாறை போய்விடும், வைரம் கைக்கு வராது. இரவானால் பிணங்கள் நடமாடும். பசிக்கும். உலகம் முழுக்கக் கனசதுரக் கட்டிகள்தான். மண், கல், தண்ணீர் எல்லாமே கட்டி.

முதல் நாள் ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி முறைக்கு உட்கார்ந்தாள். ஆற்றங்கரையில் நல்ல சமதரையாகப் பார்த்து நின்றவள், என் பக்கம் திரும்பி, "எக்கா, இங்க வூடு கட்டலாமா? யாருனா வந்து கேப்பாங்களா?" என்றாள். யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொன்னேன். "அப்ப இந்த எடம் யாருது?" யாருடையதும் இல்லை. நடுவிலிருந்து நாலு திசைக்கும் தனித்தனியாக 3 கோடிக் கட்டி தூரம் போகும் அந்த உலகம். பட்டா கிடையாது, புறம்போக்கு கிடையாது, கிராம நிர்வாக அலுவலர் கிடையாது. அன்றைக்கு என் பையில் பஞ்சமி நிலத்துக்கான மனு இருந்தது. 1892இல் வெள்ளைக்கார அரசு ஆணை போட்டு நம் ஆட்களுக்கென்று ஒதுக்கியது, சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அது யார் யார் கையில் இருக்கிறது என்று தேடித்தான் பாதி வயசு போகிறது. அந்தப் பெண் அதற்குள் மண்ணை வெட்டிச் சுவர் எழுப்பத் தொடங்கிவிட்டாள். வேலிதான் முதலில் போட்டாள். வீடு அப்புறம்.

இப்போது அரிதான பொருள்களுக்கு வருகிறேன். வைரம் ஆழத்தில் கிடைக்கும். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்புக்குப் பிறகு பூமி மைனஸ் 64 வரை கீழே இறங்குகிறது. கடல் மட்டம் 63. ஆழம் போகப் போக வைரம் கூடும். மைனஸ் 60இலிருந்து உடைக்கவே முடியாத அடிப்பாறை தலைகாட்டும். அதனால் மைனஸ் 59இல் நின்று தோண்டுவதுதான் லாபம். இரண்டு கட்டி உயரம், ஒரு கட்டி அகலத்தில் நேராக ஒரு சுரங்கம். அதிலிருந்து பக்கவாட்டில் கிளைகள். ஒரு கிளைக்கும் அடுத்த கிளைக்கும் நடுவில் இரண்டு கட்டி சுவரை விடவேண்டும். அப்படித் தோண்டினால் நடுவில் இருக்கிற எந்தக் கட்டியும் கண்ணுக்குத் தப்பாது, வீண் வேலையும் கிடையாது. எங்கள் பிள்ளைகள் பந்தத்தை வலது பக்கச் சுவரில் மட்டுமே வைப்பார்கள். பந்தம் இடது பக்கம் தெரிந்தால் வீட்டுக்குப் போகிற வழி என்று அர்த்தம். காலுக்கு நேர் கீழே தோண்டக் கூடாது. கையில் ஒரு வாளித் தண்ணீர் இல்லாமல் இறங்கக் கூடாது. அந்த ஆழத்தில் குகைகளில் எரிகுழம்பு தேங்கிக் கிடக்கும். தண்ணீரை ஊற்றினால் அது இறுகிக் கல்லாகிவிடும்.

சும்மா சொல்லக் கூடாது, அலுப்பான வேலை. இருபது நிமிஷத்தில் கருங்கல்லைத் தவிர வேறெதையும் பார்க்காமல் எழுந்து போன பிள்ளைகள் உண்டு. ஆனாலும் மறுநாள் முதல் ஆளாக வந்து உட்காருவார்கள். பத்தாவது படிக்கிற பையன் ஒருவன், இனிமேல் அவனைப் பெரியவன் என்றே சொல்கிறேன், மூன்று பேர் மூன்று நாள் தோண்டிச் சேர்த்திருந்த ஏழு வைரத்தையும் தன் முறையில் மடியில் வைத்துக்கொண்டே இன்னும் தோண்டப் போனான். சுவரை உடைத்தான், பின்னாலிருந்து குழம்பு வந்தது. செத்தால் மறுபடி உயிர் வரும், ஆனால் கையிலிருந்த சாமான் செத்த இடத்திலேயே விழும். ஐந்து நிமிஷத்துக்குள் போய் எடுக்கலாம். எரிகுழம்பில் விழுந்தால் அதுவும் கிடையாது, எரிந்துபோகும். பதினைந்து வயசுப் பையன் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். யாரும் சிரிக்கவில்லை. 

எனக்கு அப்போது தாத்தா ஞாபகம் வந்தது. கோலார் தங்கவயலில் முப்பது வருஷம் பாதாளத்தில் இறங்கியவர். அந்தக் காலத்து வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பஞ்சத்துக்கும் ஆண்டைக்கும் பயந்து ரயிலேறிப் போன நம் சனங்கள்தான் அந்தச் சுரங்கத்தின் அடியில் நின்று பாறையை உடைத்தவர்கள். 1880இல் ஆங்கிலேயக் கம்பெனி தொடங்கியது, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். சாம்பியன் ரீஃப் பகுதியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தார்கள். உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. அடியில் பாறை தொட்டால் சுடும் என்பார் தாத்தா. மேலேயிருந்து இயந்திரம் வைத்துக் குளிர்க்காற்றை இறக்குவார்கள். அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும். அதற்குத் தண்ணீர் வாளி கிடையாது. தூசு நுரையீரலில் போய் உட்காரும். (அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' பத்திரிகை அவர் காலத்துக்குப் பிறகு 1926இல் மறுபடி அச்சேறியது இந்த ஊரில்தான். பாதாளத்தில் வேலை பார்த்தவர்கள் மேலே வந்து பத்திரிகை படித்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.)

"தங்கத்தப் பாத்திருக்கியா தாத்தா?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "கல்லத்தான் பாத்தேன்" என்பார். வெள்ளைக் கல்லில் எங்கேயோ ஒரு மினுக்கு. ஒரு டன் கல்லை அரைத்தால் சில கிராம் தேறும். அதுவும் மேலே, மில்லில். மேலே வருகிற தொழிலாளியைச் சோதனை போட்டு வெளியே விடுவது தங்கச் சுரங்கங்களில் உலகம் முழுக்க உள்ள வழக்கம். என் ஆயாவுக்கு ஒரு ஜோடி தங்கத் தோடு வாங்க முப்பது வருஷம் தங்கம் தோண்டியவர் சீட்டு கட்டினார். விளையாட்டில் தோண்டியவன் மடியில்தான் வைரம். யாரும் கேட்டில் நிற்பதில்லை. எரிகுழம்பில் போனதும்கூட அந்தப் பையனுடைய வைரம்தான், அதனால்தான் அழுதான்.

வைரத்தை விட அரிதான பொருள் ஒன்று உண்டு. அது இந்த உலகத்திலேயே கிடையாது. எரிமலைக் கண்ணாடிக் கல்லால் வாசல் கட்டி, அதற்குத் தீ வைத்து, அதன் வழியாக 'நெதர்' என்ற நரகத்துக்குப் போக வேண்டும். அங்கே 'ஏன்ஷியன்ட் டெப்ரி' என்று ஒரு கட்டி. 2020 ஜூனில் வந்த பதிப்பில் சேர்த்தார்கள். பழைய காலத்துச் சிதிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் 'டெப்ரி' என்றே சொல்வார்கள். 15ஆம் உயரத்தில்தான் அதிகம், அதிகம் என்றால் பதினாறுக்குப் பதினாறு சதுரத்தில் ஒன்றிரண்டு. வைரப் பிக்காசு இருந்தால்தான் கைக்கு வரும். அதை உலையில் போட்டால் ஒரு துண்டு. நாலு துண்டும் நாலு தங்கக் கட்டியும் சேர்த்தால் ஒரு நெதரைட் கட்டி. அதில் செய்த சாமான் எரிகுழம்பில் விழுந்தாலும் எரியாது, மிதக்கும். இதைக் கேட்டதிலிருந்து பெரியவனுக்கு அதுதான் வெறி.

அதைத் தேடுவதற்கு ஒரு தந்திரம் உண்டு. நரகத்தில் கட்டில் போட்டுப் படுக்கப் போனால் கட்டில் வெடிக்கும். அங்கே தூக்கம் கிடையாது என்பது சட்டம். வெடித்தால் சுற்றிலும் இருக்கிற சிவப்புக் கல்லெல்லாம் பொடியாகும், டெப்ரி மட்டும் வெடிக்குத் தாங்கி நிற்கும். அதனால் கட்டிலையே வெடிமருந்தாக்கிச் சுரங்கம் போடுகிறார்கள். ஒரு கட்டிலுக்கு மூன்று கம்பளி, மூன்று பலகை. ஆடு வளர்த்து, ரோமம் வெட்டி, பதினோரு கட்டில் செய்து கொண்டுபோய் மூன்று டெப்ரி கொண்டுவந்தார்கள் எங்கள் பிள்ளைகள். எனக்கு இந்தத் தந்திரம் ரொம்பப் பிடித்தது. விளையாட்டை எழுதியவன் தண்டனையாக வைத்ததை விளையாடுகிறவன் கருவியாக்கிவிட்டான்.

இதுவரைக்கும் தோண்டுகிறவன் கதை. இனிமேல் மற்றவர்கள் வருகிறார்கள். அந்த உலகத்தில் நாம் மட்டும் இல்லை. ஊர்கள் உண்டு, ஊருக்குள் மனிதர்கள் உண்டு. பெரிய மூக்கு, கையைக் கட்டிக்கொண்டே நடப்பார்கள், பேசினால் முனகல்தான். இவர்களுக்குப் பதின்மூன்று தொழில். 2019 ஏப்ரலில் வந்த பதிப்பிலிருந்து தொழில் எப்படி அமைகிறது தெரியுமா? தொழில் சாமான் எது பக்கத்தில் ஆளில்லாமல் இருக்கிறதோ அந்தத் தொழில். உரத்தொட்டி வைத்தால் விவசாயி. தறி வைத்தால் ஆட்டுக்காரன். புத்தகம் வைக்கிற பீடம் வைத்தால் நூலகர். கொப்பரை வைத்தால் தோல் தொழிலாளி. பிறக்கிற குழந்தைக்குத் தொழிலே கிடையாது. அப்பன் என்ன செய்தான் என்று யாரும் கேட்பதில்லை. பிறந்த நிலத்துக்கு ஏற்ற உடுப்பு மட்டும் உண்டு, பனியில் பிறந்தவனுக்கு ஒன்று, பாலையில் பிறந்தவனுக்கு ஒன்று. வளர்ந்து, எதிரே எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறான்.

இதைக் கண்டுபிடித்தவன் எட்டாவது படிக்கிற ஒரு பையன். அவன் அப்பா பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. கை வெந்து, நகம் போய், முப்பத்தெட்டு வயசில் அறுபது மாதிரி இருப்பார். பையன் கொப்பரையை வைத்தான். ஒருத்தன் வந்து நின்று தோல் தொழிலாளி ஆனான். கொப்பரையை உடைத்தான். அவன் ஒன்றுமில்லாதவன் ஆனான். பீடத்தை வைத்தான். தலையில் புத்தகமும் கண்ணில் கண்ணாடியும் வந்துவிட்டது. "தோ, எங்கப்பா வாத்தியாராயிட்டாரு!" என்று கத்தினான். பிள்ளைகள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். மறுபடி கொப்பரை, மறுபடி பீடம் என்று அன்றைக்கு அவன் முறை முழுக்க இதிலேயே போயிற்று. ஒரு விதி மட்டும் உண்டு. ஒரே ஒரு தடவை அவனிடம் யாவாரம் பண்ணிவிட்டால் அதற்குப் பிறகு தொழில் மாறாது. சாகும் வரைக்கும் அதுதான். அந்தப் பையன் எதையும் வாங்கவில்லை, விற்கவும் இல்லை.

பச்சை அங்கி போட்ட சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு எந்தத் தொழிலும் ஒட்டாது. யாவாரத்துக்கும் உதவமாட்டார்கள். பிள்ளைகள் 'வெட்டி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். இவர்களை ஒழித்துக்கட்டிவிட்டால் கட்டில் மிச்சம் என்பது விளையாட்டில் கைதேர்ந்தவர்கள் சொல்லும் யோசனை.

கைதேர்ந்தவர்கள் இன்னும் நிறையச் சொல்கிறார்கள். பெரியவன் வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் தெரிந்துவைத்திருக்கிறான். ஊர்க்காரர்கள் நடமாடினால் யாவாரத்துக்குத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஆளுக்கு ஒரு கட்டி இடத்தில் நிறுத்தி, மூன்று பக்கமும் அடைத்து, எதிரே தொழில் சாமானை வைத்து வரிசையாகச் சுவர் கட்டிவிடுவது. பிணத்தை விட்டு ஊர்க்காரனைக் கடிக்க வைப்பது. அவனும் பிணமாவான். பிறகு பலவீன மருந்தை வீசி, தங்க ஆப்பிள் கொடுத்து ஆளாக்குவது. காப்பாற்றினானே என்ற நன்றியில் அவன் நமக்கு விலையைக் குறைப்பான். கடிக்க வைத்தவனும் நாம்தான், காப்பாற்றியவனும் நாம்தான். இந்த இடத்தில் வாசகர்களுக்குத் தங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் யாராவது ஞாபகத்துக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பெரியவன் கட்டியது இரும்புப் பண்ணை.

நெதருக்குப் போகக் கவசம், வாளி, பிக்காசு எல்லாவற்றுக்கும் இரும்பு வேண்டும். ஊருக்கு ஆபத்து வந்தால் ஊர்க்காரர்கள் இரும்பு மனிதன் ஒருவனை வரவழைப்பார்கள். காவலுக்கு. அவன் செத்தால் 3இலிருந்து 5 இரும்புக் கட்டி விழும். இதுதான் சூத்திரம். மூன்று ஊர்க்காரர்களைச் சின்ன அறையில் அடைக்க வேண்டும். எதிரே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பிணத்தை நிறுத்த வேண்டும். பிணம் இவர்களைத் தொடவும் கூடாது, மறையவும் கூடாது. அவர்கள் பயந்து முட்டிக்கொள்வார்கள். இரும்பு மனிதன் பிறப்பான். பிறந்த இடத்தில் தண்ணீர் ஓடவிட்டு அவனை ஒரு மூலைக்குத் தள்ள வேண்டும். மூலையில் எரிகுழம்பு. செத்து விழுந்த இரும்பு பெட்டிக்குள் போகும். நாம் பக்கத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஊர்க்காரன் கடைசி இருபது நிமிஷத்துக்குள், அதாவது ஒரு நாளுக்குள், தூங்கியிருந்தால்தான் அவன் பயத்துக்கு இரும்பு மனிதன் வருவான். பயந்துகொண்டே இருந்தால் தூங்கமாட்டான். அதனால் பிணத்தை நடுநடுவே மறைத்து மறைத்துக் காட்ட வேண்டும். கட்டிலும் போட்டுக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் தூக்கம், கொஞ்சம் பயம், மறுபடி தூக்கம். பெரியவன் இதை மூன்று சாயங்காலம் உட்கார்ந்து சரிபண்ணினான். கணக்குப் பாடத்தில் இவ்வளவு கவனமாக அவனை நான் பார்த்ததில்லை.

"இதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டேன்.

"அயன் ஃபார்ம், எக்கா."

"தமிழ்ல சொல்லு."

யோசித்து, "இரும்புப் பண்ணை" என்றான்.

வாசற்படியில் பேத்தியைக் கூட்டிப்போக வந்திருந்த ஆயா ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியவர். பண்ணை என்றதும், "எந்தப் பண்ணடா?" என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையாள் என்பதை எங்கள் பக்கம் படியாள் என்பார்கள். நாள் முழுக்க உழைத்துப் படி அளந்து வாங்கியவர்கள். அந்த ஆயா ஒரு படியாளின் மகள். பத்து வயசிலேயே ஆண்டை வீட்டுச் சாணி வாரப் போனவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தபோது அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருந்தது, சட்டம் வந்த சேதி வந்து சேர இன்னும் ஆறேழு வருஷம் ஆயிற்றாம்.

பெரியவன் மரியாதையாகவே விளக்கினான். "மூணு பேரு உள்ள கீறாங்க ஆயா. எதிர்ல பேய் நிக்கும். பாத்துப் பாத்துப் பயந்துக்குவாங்க. பயந்தா இரும்பு வரும்."

"வெளிய வுடமாட்டியா?"

"வுட்டா இரும்பு வராது."

"சோறு?"

"சோறு வாணாம் ஆயா. பாய் மட்டும் போட்டா போதும்."

ஆயா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு பொக்கை வாய் தெரியச் சிரித்தார். "அப்ப எங்க ஆண்டையே தேவல. கூழாவது ஊத்துனான்" என்றார்.

பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள், பெரியவனும் சிரித்தான். ஏழாம் வகுப்புப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பேய் ஆண்டையா ஆயா?" என்று கேட்டாள். ஆயா பதில் சொல்லவில்லை. பெரியவன் சொன்னான்: "பேயும் பாவம்தான். அதயும் நாந்தான் பூட்டி வெச்சிருக்கேன்."

அவன் சொன்னது சரி. அந்த அமைப்பில் பயப்படுகிறவனும் பயமுறுத்துகிறவனும் ஒரே மாதிரி அடைபட்டுக் கிடக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரும்பு மனிதன் சும்மா ஊரில் இருந்தால் குழந்தைகளைப் பார்த்துச் சிவப்புப் பாப்பிப் பூ ஒன்றை நீட்டுவான். அதற்காகத்தான் அவனிடம் பூ இருக்கிறது. பண்ணையில் அவன் செத்து விழும்போது இரும்போடு அந்தப் பூவும் சேர்ந்து விழும். பெரியவனுடைய பெட்டியில் பாதி பூவாகத்தான் இருந்தது. இடத்தை அடைக்கிறது என்று அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் சண்டை வந்துவிட்டது. சுவரை உடைத்து மூன்று பேரையும் விட வேண்டும் என்றாள் அந்தப் பெண். "அது கம்ப்யூட்டரு. உசுரு கீதா அதுக்கு? நீ கோழி துன்றியே, அதுக்கு உசுரு கீதே?" என்றான் பெரியவன். பாதிப் பேர் அவன் பக்கம். வைரம் எரிந்துபோன அன்றைக்கு அவன் அழுததைப் பார்த்தவர்கள், அவன் இனிமேல் பள்ளத்தில் இறங்கிச் சாக வேண்டாமே என்று நினைத்தார்கள். அதையும் தப்பென்று சொல்ல முடியவில்லை. பாதாளத்தில் இறங்குகிறவனுக்குத்தான் தெரியும், இறங்காமல் இருப்பது எவ்வளவு பெரிய ஆசை என்று. தாத்தா தன் பிள்ளைகள் யாரையும் சுரங்கத்துக்கு விடவில்லை.

நான் கட்டிப் பொம்மைகளுக்காகக் கண்ணீர் விடுகிறவள் இல்லை. உயிர் இல்லை என்பது எனக்கும் தெரியும். என்னை உறுத்தியது அந்த நுணுக்கம்தான். எவ்வளவு தூங்கவிட்டால் எவ்வளவு பயம் தேறும் என்ற கணக்கு. ஆண்டைகள் அதை எந்த வீடியோவும் பார்க்காமல் தெரிந்துவைத்திருந்தார்கள். அறுவடைக்கு முந்தின நாள் அடிக்கமாட்டான் ஆண்டை என்று ஆயா சொல்லியிருக்கிறார். படியாளின் கொள்ளுப்பேரன் மூன்று சாயங்காலத்தில் அதே கணக்கைத் தானாகவே போட்டுவிட்டான். கெட்ட பையன் இல்லை. மழையில் வருகிற சின்னப் பிள்ளைகளுக்கு முதுகில் இடம் கொடுப்பவன். பெட்டி நிறைந்துகொண்டே போகிற சுகம் அப்படி.

உயிர் இல்லாத பண்ணை என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. 2011இல் லண்டன் கார்டியன் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. வடகிழக்குச் சீனாவில் ஜிஷி என்ற இடத்துத் தொழில் முகாமில் இருந்த முன்னாள் கைதி ஒருவர் சொன்னது. பகலில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் கல் உடைப்பார்களாம். இரவில் கைதிகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து வேறொரு விளையாட்டில் பொற்காசு சேர்க்கச் சொல்வார்களாம். அந்தக் காசைப் பணம் உள்ள விளையாட்டுக்காரர்களுக்கு நிஜப் பணத்துக்கு விற்பது காவலர்களுக்கு வரும்படி. அளவு குறைந்தால் அடி. வாங்குகிறவன் எங்கோ அமெரிக்காவில் இருப்பான். அவனுக்கு அது பெட்டியில் விழுந்த காசு, அவ்வளவுதான். இந்தத் தொழிலுக்கும் உலகம் முழுக்க 'ஃபார்மிங்' என்றுதான் பேர். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எட்டாவது பையன், "தோண்டுனதும் அவங்களே, வெளையாடுனதும் அவங்களேவா எக்கா?" என்று கேட்டான்.

கடைசியில் கை தூக்கி முடிவு பண்ணினார்கள். பண்ணை இருக்கட்டும் என்று பதினேழு கை. உடைக்க வேண்டும் என்று ஒன்பது. மீதிப் பேர் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். நான் கை தூக்கவில்லை, என் ஓட்டு கேட்கவும் இல்லை. தோற்ற கூட்டம் தனியாக ஓர் ஊர் கட்டிக்கொள்ளலாம், அதில் மற்றவர்கள் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம்.

அந்தப் பெண் ஆற்றுக்கு மறுகரையில் கட்டியிருக்கிறாள். எட்டு வீடு, ஆளுக்கு ஒரு கட்டில், சுற்றிலும் பந்தம். வீடுகளுக்குக் கதவு உண்டு, அவரவரே திறந்துகொள்கிறார்கள். பச்சை அங்கிக்காரர் இரண்டு பேரும் அங்கேதான். இரும்பு மனிதன் ஒருவன் தானாக வந்து சேர்ந்தான், அவனைக் கொல்லவில்லை. அதனால் அவளுக்கு இரும்புப் பஞ்சம். 16ஆம் உயரத்தில் இரும்புப் பாறை நன்றாகக் கிடைக்கும் என்பதால் மலையடியில் அந்த ஆழத்துக்கு ஒரு சுரங்கம் தோண்டி வைத்திருக்கிறாள். ஊரிலிருந்து அதன் வாய் வரைக்கும் தண்டவாளம் போடுகிறாள். ஆறு இரும்புக் கட்டியும் ஒரு குச்சியும் போட்டால் பதினாறு தண்டவாளம்.

போன வியாழக்கிழமை அவள் முறை. பெரியவன் பக்கத்தில் வந்து நின்று, "எங்கிட்ட ஐந்நூறு கீது. எடுத்துக்க, அப்பறமா குடு" என்றான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னும் எட்டு நிமிசம் கீது, போடா அந்தண்ட" என்றுவிட்டுக் கீழே இறங்கினாள். இருட்டுவதற்குள் 23 இரும்போடு மேலே வந்தாள். அதில் 48 தண்டவாளம் ஆயிற்று. மிஞ்சின ஐந்து கட்டியில் ஒரு வண்டி செய்து வைத்திருக்கிறாள்.